அந்த அக்காவுக்கு மாதம் ஆயிரம், உங்களுக்கு எவ்வளவு?

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "நலத்திட்டங்களில் என்னென்ன வகை, உண்மையில் யாருக்குப் பலன்? எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், இலவச அரிசி, இலவச பஸ். வரியும் வீட்டுக்கடனும் கட்டுகிற எனக்கு ஒன்றுமில்லை. அதே அக்காவின் அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கேட்டால், ஆதாரில் வயது 56 என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள். அக்காவுக்கே 45 வயது! இது என்ன கணக்கு?"

வகைகளைக் கேட்பது மேலுக்கு. உள்ளே இருப்பது இரண்டு கேள்விகள். என் பணத்தில் யாரோ சாப்பிடுகிறார்களா என்பது ஒன்று. அப்படியே இருந்தாலும், சாப்பிட வேண்டிய கிழவிக்கு ஏன் கிடைக்கவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதையும் சேர்த்துக் கேட்டதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் வருவாய்த்துறையில் இருந்தேன். அதில் சில ஆண்டுகள் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவு, அதாவது முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனுக்களைப் பார்க்கும் மேஜை. ரேஷன், வருமானச் சான்றிதழ், பட்டா எல்லாம் கைபட்ட விஷயங்கள். வருமானவரி எனக்கு வெளியூர்; என் படிவத்தைக்கூட மகன்தான் நிரப்புகிறான். ஆகவே வரி பற்றிச் சொல்வதை ஊரறிந்த அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பழைய ஓய்வூதியத்தில் இருப்பவன். கடைசிச் சம்பளத்தில் பாதி, அதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு முறை ஏறும் அகவிலைப்படி. இந்த வரிசையில் அதிகம் வாங்குகிறவர்களில் நானும் ஒருவன்.

புத்தகத்தில் வகை பிரிக்க ஒரு வழி உண்டு. ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1955இல் ஓர் உரையில் மூன்றாகப் பிரித்தார்: அரசு நேராகக் கொடுப்பது, வரியில் விட்டுக்கொடுப்பது, வேலை வழியாகக் கிடைப்பது. முதல் வகை எல்லார் கண்ணுக்கும் தெரியும், மற்ற இரண்டும் தெரியாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். எழுபது வருடம் கழித்து உங்கள் கேள்வியைப் படிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் மேஜையில் உட்கார்ந்தவனுக்கு வகை தெரிவது வேறு மாதிரி: எந்தக் காகிதத்தைக் கேட்கிறார்கள் என்பதுதான் வகை. திட்டத்தின் பெயர் யாருக்கு என்று சொல்லும். கவுண்டரில் கேட்கும் காகிதம்தான் யாருக்குப் போகும் என்று தீர்மானிக்கும்.

எதையுமே அதிகம் கேட்காத கதவு ரேஷன் கடை. 1997இல் மத்திய அரசு நாடு முழுக்க வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு அதற்குப் போகவில்லை. 2016 நவம்பரில் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வந்தபோது அட்டையில் முன்னுரிமை, முன்னுரிமையற்றது என்று குறியீடு விழுந்தது. ஆனாலும் அரிசி அட்டைக்காரர் எல்லாருக்கும் அரிசி தொடர்ந்தது. விலை 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். உங்களிடம் அரிசி அட்டை இருந்தால் உங்களுக்கும் உண்டு. நீங்கள் வாங்குவதில்லை, அல்லது வாங்கி யாருக்காவது கொடுத்துவிடுகிறீர்கள். வரிசையும் அரிசியின் வாசனையுமே வசதியானவர்களை வடிகட்டிவிடுகின்றன. அதற்கென்று ஓர் அதிகாரி தேவைப்படவில்லை. ரேஷன் அரிசி இட்லி மாவாகிறது, கோழித் தீவனமாகிறது, லாரியில் எல்லை தாண்டுகிறது என்பதெல்லாம் உண்மை. அதற்காக மறுபடி அட்டையைப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்பேன். பிரிக்கிற வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

நூறு நாள் வேலையும் இதே மாதிரிதான் இருந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், 2006 பிப்ரவரியில் தொடக்கம். ஏழையா என்று யாரும் கேட்கவில்லை. வெயிலில் வந்து மண் வெட்டத் தயாரா என்பதுதான் கேள்வி. வசதியுள்ளவர் அந்தக் கூலிக்கு வரமாட்டார். எங்கள் பக்கத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் நடுவயது தாண்டிய பெண்கள். அதனால் நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை என்று மிராசுகள் புலம்பியது எனக்குத் தெரியும். கூலி ஏறியதற்கு அது ஒன்றே காரணமா என்று கேட்டால், திருப்பூருக்குக் கிளம்பிப் போன இளசுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன். இது நான் கண்ணால் பார்த்த அளவுக்கான அபிப்பிராயம், அவ்வளவுதான்.

அடுத்தது, காகிதம் கேட்கும் கதவு. வருமானம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும், சொத்து இருக்கக் கூடாது, ஆதரவு இருக்கக் கூடாது. உங்கள் வீட்டு அக்கா வாங்கும் மகளிர் உரிமைத்தொகை இதில் சேரும். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்கள். நிபந்தனை: குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது. இதில் எனக்குப் பிடித்தது மின்சார யூனிட்தான். வருமானத்தை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம், மீட்டரை எழுத முடியாது. வருமானச் சான்றிதழ் பற்றி ஒரு பழைய நகைச்சுவை எங்கள் அலுவலகத்தில் உண்டு. மருத்துவக் காப்பீட்டுக்கு உச்சவரம்பு 72,000 ரூபாயாக இருந்த காலத்தில், ஊரில் பாதிப் பேரின் ஆண்டு வருமானம் அதிசயமாக 72,000 ரூபாயாகவே இருந்தது. வரம்பு 1,20,000 ஆனதும் எல்லாருக்கும் சம்பளம் கூடிவிட்டது. வி.ஏ.ஓ.வைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலி வேலை செய்பவரின் ஆண்டு வருமானத்தை எந்தக் கணக்குப்பிள்ளையாலும் எழுத முடியாது.

முதியோர் உதவித்தொகை இந்த வகையில் மிகப் பழையது. 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011இல் ஆயிரமானது, 2023இல் 1,200. இதில் மத்திய அரசின் பங்கு, 60 முதல் 79 வயதுவரை மாதம் 200 ரூபாய். ஏறத்தாழ இருபது வருடமாக அதே இருநூறு. என் ஓய்வூதியத்துக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் தானாக அகவிலைப்படி ஏறுகிறது. கிழவியின் தொகை ஏற யாராவது மேடையில் அறிவிக்க வேண்டும். ஒரே காய்கறிக் கடைதான் இரண்டு பேருக்கும்.

2012 வாக்கில் டெல்டாவில் ஒரு வட்டத்தில் இருந்தேன். ஓர் அம்மாள் வந்தார். வாக்காளர் அட்டையில் வயது 54. முதுகு வளைந்து, தடி இல்லாமல் நிற்க முடியாத நிலை. எந்த வருடம் பிறந்தீர்கள் என்று கேட்டால், "பெரிய புயல்ல என்னைய இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் எங்கம்மா கோயில் மண்டபத்துக்கு ஓடுச்சு" என்றார். பெரிய புயல் என்றால் அந்தப் பக்கத்தில் 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் அடித்த புயல். கணக்குப் போட்டால் அறுபது தாண்டிவிட்டது. பக்கத்து மேஜை உதவியாளர் சிரித்துக்கொண்டே, "புயலுக்கு சர்டிபிகேட் இருக்கா பாட்டி?" என்று கேட்டார். நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறகு வயதுச் சான்றுக்கு அரசு மருத்துவரிடம் அனுப்பினோம். அவர் எழுதித் தர, அந்தத் தாள் மூன்று மேஜை தாண்ட, நாலு மாதம். அது முடிந்ததும் அடுத்த சிக்கல்: ரேஷன் அட்டையில் மகன் பெயர். மகன் இருந்தால் ஆதரவற்றவர் எப்படி? மகன் திருப்பூரில், வருடம் ஒரு முறை திருவிழாவுக்கு வருவதோடு சரி. ஆக, அட்டையைப் பிரித்துத் தனி அட்டை வாங்கி வாருங்கள் என்று நாங்களே சொல்லி அனுப்பினோம். சேர்ந்திருக்கும் குடும்பத்தைக் காகிதத்தில் பிரித்தால்தான் உதவி என்பது இந்த விதியின் விசித்திரம். அந்த அம்மாளுக்கு உத்தரவு போட்டபோது பதினோரு மாதம் ஆகியிருந்தது.

தகுதி பார்க்கும் எந்தத் திட்டத்திலும் இரண்டு வகைத் தப்பு நடக்கும். வரக்கூடாதவர் உள்ளே வருவது, வரவேண்டியவர் வெளியே நிற்பது. முதல் தப்பு செய்தியாகும், மறுஆய்வு உத்தரவு வரும். இரண்டாவது தப்பு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும், சத்தம் வராது. முதல் தப்பைக் குறைக்க ஒரு காகிதம் கூடுதலாகக் கேட்டால் இரண்டாவது தப்பு கூடும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது, சம்பளச் சீட்டு இருந்தால் மட்டும் திறக்கும் கதவு. பி.எஃப்., இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு, பிரசவ விடுப்பு எல்லாம் இங்கேதான். இதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை, உரிமை என்கிறோம். சரியான சொல்தான். ஆனால் ஒரே மாதத்தில் பிள்ளை பெறும் மூன்று பெண்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியைக்கு 2021 ஜூலையிலிருந்து ஒரு வருட விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. மாதம் 50,000 என்றால் ஆறு லட்சம். உங்கள் கம்பெனிப் பெண்ணுக்கு 2017 திருத்தப்படி 26 வாரம். வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி: ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 ரூபாய், அதுவும் தவணையாக, கர்ப்பத்தைப் பதியும் பிக்மி எண் வாங்கி, தடுப்பூசி போட்டுக் காட்டிய பிறகு. மூவரில் யாருடைய பணத்தைப் பற்றி டீக்கடையில் பேசுவோம் என்று உங்களுக்கே தெரியும்.

சம்பளச் சீட்டு இல்லாத வேலைக்கு நலவாரியம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் வாரியம் 1994இல் வந்தது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் வசூலித்து நடக்கிறது. நீங்கள் வாங்கிய அடுக்ககத்தின் விலையிலும் அது இருக்கும். பதிவு செய்து, தவறாமல் புதுப்பித்தால் பிள்ளைகளின் படிப்பு, விபத்து, அறுபதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. தவறாமல் என்ற சொல்லில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள்.

நிலம் இருந்தால் திறக்கும் கதவைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பிரதமரின் கிசான் நிதி வருடம் 6,000 ரூபாய். பட்டாவில் பெயர் உள்ளவருக்கு, குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் நல்ல திட்டம்தான், கிணறு உள்ளவருக்கு. டெல்டாவில் குத்தகைக்காரர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இப்போது உங்களிடம் வருகிறேன். வீட்டுக்கடன் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய வரிமுறையில் இருந்தால், கடன் வட்டியில் வருடம் இரண்டு லட்சம்வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். நீங்கள் 30 சதவீத அடுக்கில் இருந்தால் மிச்சம் 60,000 ரூபாய். மாதம் ஐயாயிரம். இருபது சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அதே வட்டிக்கு வருடம் நாற்பதாயிரம்தான். வருமானம் கூடக் கூட உதவியும் கூடுகிற விசித்திரமான திட்டம் இது. இதற்கு யாரும் கூட்டத்தில் நின்று டோக்கன் வாங்குவதில்லை. கம்பெனி தரும் வரிச் சான்றிதழில் ஒரு வரியாக வந்துவிடும். புதிய வரிமுறைக்கு மாறியிருந்தால் இந்தக் கழிவு இல்லை. அங்கே 2025-26 நிதியாண்டிலிருந்து பன்னிரண்டு லட்சம்வரை வரியே இல்லை என்ற சலுகை வேறு. அப்புறம் வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 2016 மே மாதத்திலிருந்து, எல்லா வீட்டுக்கும். ஏசி ஓடும் உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். கம்பெனிகளுக்கு அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் சலுகை விலையில் நிலமும் முதலீட்டு மானியமும் கொடுத்தால் அதற்குப் பெயர் ஊக்கத்தொகை.

அக்காவின் இலவச பஸ்ஸில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது என்பது என் கருத்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பிங்க் முகப்பு பஸ்ஸுக்காக அவர் அரை மணி நேரம் காத்திருந்து வருவதால், பஸ் காசு என்று உங்களிடம் தனியாகக் கேட்கவில்லை. அரிசிக்குச் செலவில்லாததால் நீங்கள் கொடுக்கும் சம்பளத்தில் அவருக்குக் கட்டுப்படியாகிறது. அவருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை அரசு கட்டுகிறது என்றும் இதைச் சொல்லலாம். இதை நிரூபிக்க என்னிடம் கணக்கு இல்லை. நீங்கள் ஒரு மாதம் கூர்ந்து கவனித்தால் போதும்.

காகிதம் கேட்கும் கதவு எதுவும் திறக்காத இடம் ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. மாதம் 22,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜவுளிக்கடை சூப்பர்வைசர், சின்னத் தனியார் பள்ளி ஆசிரியர் மாதிரி, வீட்டில் அவர் ஒருவர் சம்பளம். இ.எஸ்.ஐ. வரம்பு 2017இலிருந்து 21,000. ஆயிரம் ரூபாயில் அது போயிற்று. வருடத்துக்கு 2,64,000 ஆகிறது. இரண்டரை லட்சத்தைத் தாண்டியதால் மனைவிக்கு உரிமைத்தொகை இல்லை. முதல்வர் காப்பீட்டுக்கு வரம்பு 1,20,000, அதற்கும் இல்லை. வருமானவரியே கட்டாததால் வரிச் சலுகை என்ற பேச்சும் இல்லை. சம்பளச் சீட்டில் நேர்மையாக எழுதிவிட்டதால் சான்றிதழில் குறைக்கவும் முடியாது. ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் நகைதான் அடமானத்துக்குப் போகும். அவருக்குத் திறந்திருப்பது காகிதம் கேட்காத கதவுகள் மட்டும்: ரேஷன், மனைவிக்கு பஸ், அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்த்தால் பிள்ளைக்குக் காலையும் மதியமும் சாப்பாடு. உங்கள் கோபத்தில் நியாயம் இருந்தால் அது இவருடைய கோபமாக இருக்க வேண்டும்.

சரி, அக்காவின் அம்மா விஷயம். ஆதாரில் 56, மகளுக்கு 45 என்றால் பதினோரு வயதில் பெற்றிருக்க வேண்டும். இந்த ஒரு வரியையே மனுவில் எழுதி, மகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால் நகல் இணையுங்கள். மூத்த பிள்ளையின் வயதைப் பார்ப்பது எங்கள் பழைய வழக்கம். ஆதாரில் பிறந்த தேதியை ஒருமுறைதான் திருத்த விடுவார்கள், அவசரப்பட்டுத் தோராயமாக மாற்றிவிடாதீர்கள்.

அதைவிட எளிய வழி ஒன்று இருக்கலாம். அவருடைய கணவர் இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இறந்திருந்தால், முதியோர் என்று கேட்காமல் ஆதரவற்ற விதவை உதவித்தொகை என்று இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். தொகை அதே 1,200. அங்கே அறுபது வயதை நிரூபிக்க வேண்டியதில்லை, கணவரின் இறப்புச் சான்றிதழ்தான் முக்கியம். அது இல்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள். இறந்து பல வருடமாகிப் பதியாமல் விட்டிருந்தால் கோட்டாட்சியர் உத்தரவு தேவைப்படும், நேரம் பிடிக்கும். ஆதரவற்றவர் என்ற நிபந்தனை இதிலும் உண்டு. அம்மா மகளோடு ஒரே ரேஷன் அட்டையில் இருக்கிறாரா, தனி அட்டையா என்று பாருங்கள்.

அம்மாவுக்குத் தொகை வந்தால் மகளின் ஆயிரம் ரூபாய் நின்றுவிடும் என்று பலர் பயந்து மனுவே போடுவதில்லை. முதல் விதியில் அப்படித்தான் இருந்தது. 2023 ஆகஸ்டிலேயே தளர்த்திவிட்டார்கள்: உதவித்தொகை வாங்குகிறவருக்கு உரிமைத்தொகை இல்லை, அதே குடும்பத்தின் வேறு பெண்ணுக்கு உண்டு. விதிகள் அரசாணைக்கு அரசாணை மாறும் என்பதால் போடும் அன்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய தள்ளுபடிக்கு எழுத்தில் காரணம் கேளுங்கள். வாயால் சொன்னதை வைத்து மேலே போக முடியாது. அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவை அங்கே கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள், அந்த எண்ணுக்கு வட்டாட்சியர் பதில் சொல்லியே ஆக வேண்டும். காலை ஒன்பதரைக்குள் போய்விடுங்கள், எழுதிக்கொடுப்பவர்களிடம் கூட்டம் சேரும் முன்பு. ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், ஒரு போட்டோ, எல்லாவற்றிலும் இரண்டு நகல். பாட்டிக்குச் சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள், மதியம் ஆகிவிடும்.